பாங்காக் வரும் தம்பிக்கு

தம்பி, வேலை கிடைத்து மனைவியோடு பாங்காக் வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். ராஜமாதா சிரிகிட் காலமானதிலிருந்து டிவியில் துக்கச் செய்தியாகவே ஓடுகிறதே, நாங்களும் கறுப்புதான் உடுத்த வேண்டுமா, வாடகை எவ்வளவு, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வாடகையும் சாப்பாடும் வந்த கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் போனால் நம்மவர்கள் கண்ணில் படுவார்கள், விசாரித்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல நினைப்பது வாயைப் பற்றி. இங்கே குற்றவியல் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்படி அரசரையோ அரசியையோ பட்டத்து இளவரசரையோ இழிவாகப் பேசினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டுக்காரர் என்று விலக்கு கிடையாது. அதனால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் கேலிப் படம் எதுவும் வந்தால் உடனே அழித்துவிடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நான் இங்கே வந்து சேர்ந்த சில வாரங்களில், 2016 அக்டோபர் 13 அன்று ராஜமாதாவின் கணவர் மன்னர் பூமிபோல் காலமானார். எழுபது ஆண்டு ஆண்டவர். எல்லா சேனலிலும் நிறம் போய்விட்டது. கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோய், தெருவில் அண்டா வைத்துச் சாயம் காய்ச்சி, கொண்டுவந்த சட்டைகளை இலவசமாகக் கறுப்பாக்கிக் கொடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் தீபாவளி. எங்கள் கட்டடத்தில் நம்மவர்கள் சிலர் பாட்டை அலறவிட்டுக் கொண்டாடினார்கள். அக்கம்பக்கத்தார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. சாவு வீட்டுக்குப் பக்கத்தில் கல்யாண மேளம் அடிப்போமா? பல வருஷம் இங்கேயே சம்பாதித்தும் இந்த ஊர் மொழியில் நாலு வார்த்தை பேசாதவர்கள்தான் இப்படிச் செய்கிறார்கள். நான் முதல் வருஷத்திலேயே மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அதன் பலன் அடுத்த அக்டோபரில் தெரிந்தது.

2017 அக்டோபர் 26, தகன நாள். வீட்டுக்கார அம்மா காலையிலேயே என்னைக் கூப்பிட்டு டிவி முன்னால் உட்காரவைத்தார். மகாவிஜய ரதம் என்று ஒன்று, முதலாம் ராமர் என்ற பட்டப்பெயர் கொண்ட தாய்லாந்து மன்னர் காலத்தில், 1795-இல் செய்தது. ஏறக்குறைய 14 டன். இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் செங்கயிறு பிடித்து, மேளத்துக்கு ஏற்ப ஒரே அடியாக இழுத்து வந்தார்கள். திருவாரூர்த் தேரை ஆரவாரமே இல்லாமல் இழுத்தால் எப்படியோ, அப்படி இருந்தது. மேலே பொற்கலசம். உடல் அதில் இல்லை, பெட்டியில் இருக்கிறது, கலசம் மரபுக்காக என்று அந்த அம்மா விளக்கினார். சனாம் லுவாங் மைதானத்தில் மேரு மலையாகப் பாவித்து ஐம்பது மீட்டர் உயரத்துக்கு ஒன்பது கோபுரங்களோடு தகன மண்டபம். இந்த ஒரு சாவுக்காகவே கட்டியது, பிறகு பிரித்துவிடுவார்கள். பீரங்கி வண்டிக்கு மாற்றிய கலசம் அதை அப்பிரதட்சிணமாக மூன்று சுற்று வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் சுடுகாட்டிலும் அப்படித்தானே சுற்றுகிறோம்! வெள்ளுடை பிராமணர்கள் சங்கு ஊதினார்கள். பெரிய ஊஞ்சல் என்கிற உயரமான மரச் சட்டத்துக்குப் பக்கத்திலுள்ள தேவஸ்தானம் என்ற இந்துக் கோயில்காரர்கள். அவர்கள் மார்கழி, தை வாக்கில் நம் திருவெம்பாவையை ஓதுகிறவர்கள். உச்சரிப்பு மாறிப்போயிருந்தாலும் மணிவாசகர் மணிவாசகர்தான்.

மத்தியானம் அந்த அம்மாவோடு நானும் போய், மக்களுக்காக அமைத்திருந்த மாதிரி மண்டபமொன்றில் சந்தனப் பூ வைத்துவிட்டு வந்தேன். வரிசை நகரவே இல்லை, வெயில் கொளுத்தியது, முன்னால் நின்ற பாட்டி யாரென்றே தெரியாத எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். மறுநாள் அஸ்தி எடுக்கும் சடங்கும் நேரலையில் வந்தது. நம் சஞ்சயனம் மாதிரிதான் என்று சொன்னபோது, உங்கள் ஊரிலும் உண்டா என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வாடகைக்காரன் என்ற பேச்சு அதோடு போயிற்று.

சரி, கறுப்பு. அரசு ஊழியர்களுக்கு ஓராண்டு துக்கம், உங்களுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் ஆளுக்கு ஒரு கறுப்பு உடுப்பு பெட்டியில் இருக்கட்டும். ராஜமாதாவின் தகன ஊர்வலத்தைத் தனியாக மொபைலில் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, கூட உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.