வாசகர் கேள்வி–பதில்: சூளையில் பூத்துப்போகும் கண்ணாடி

கேள்வி: உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டுகளை மின்சூளையில் உருக்கி ஒட்டித் தட்டு செய்கிறேன். வெளியே எடுத்தால் மேற்பரப்பு வெளுத்துச் சொரசொரக்கிறது. கழுவினாலும் போகவில்லை. அழுக்கா?

பதில்: அழுக்கில்லை, படிகம்: கண்ணாடியில் தாறுமாறாகக் கிடக்கும் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டது. அதைத் தொடங்கி வைத்தது வேண்டுமானால் அழுக்காக இருக்கலாம். ஜன்னல் கண்ணாடி சுமார் 1,000 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்தாலே படிகமாகப் பார்க்கும். 550-க்குக் கீழே இறுகிவிடுவதால் அணுக்களால் நகர முடியாது. இடைப்பட்ட சூட்டில், முக்கியமாக 700-க்கு மேல், நேரம் கொடுத்தால் டெவிட்ரைட், வொல்லாஸ்டோனைட், கிறிஸ்டோபலைட் போன்ற படிகங்கள் முளைக்கும். முளைக்க ஒரு பிடிமானம் வேண்டும். உள்ளே அது கிடைப்பதில்லை. மேற்பரப்பில் தூசி, விரல் ரேகை, கீறல், உப்புத்தண்ணீர் காய்ந்த கறை எல்லாம் தயாராக இருக்கின்றன. சாணை பிடித்த விளிம்பு முதலில் வெளுப்பதும் இதனால்தான்.

சோப்புப் போட்டுக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நூல் பிரியாத துணியால் துடையுங்கள். பிறகு ஓரத்தைப் பிடித்தே தூக்க வேண்டும். 3–4 மி.மீ. கண்ணாடியை 550 வரை மணிக்கு 150 டிகிரி வீதம் நிதானமாக ஏற்றலாம். அவசரப்பட்டால் விரிசல். அதற்கு மேல் வேகமாக ஏற்றி, 815-ல் பத்து நிமிடம் நிறுத்தி, 550-க்குச் சூளை தாங்கும் வேகத்தில் இறக்குங்கள். பலர் கெடுப்பது இந்த இறக்கத்தில்தான்: சூளை தானாக ஆறட்டும் என்று விட்டால் 700–800-க்கு நடுவில் நெடுநேரம் நிற்கும். உள்ளிறுக்கம் தணிய 550-ல் அரை மணி நேரம் வைப்பதற்குப் பயப்பட வேண்டாம், அங்கே படிகம் வளராது.

ஏற்கெனவே வெளுத்ததை மணல் பீய்ச்சித் தேய்த்து, வெந்நீரில் கரைத்த வெண்காரத்தை (போராக்ஸ்) மெல்லிசாகப் பூசி மறுபடி சுடலாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்கச் சொல்வார்கள். வீட்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது தோல் வழியாக இறங்கி எலும்பையும் அரிக்கும்.

கேள்வி: அப்படி வெளுத்த துண்டை உடைத்துப் பார்த்தால் படிக ஊசிகள் எல்லாம் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கின்றனவே, எப்படி?

பதில்: முளைக்கும்போது ஊசிகள் பெரும்பாலும் கண்டபடிதான் கிடக்கும். ஆனால் ஒவ்வொரு படிகமும் ஒரு திசையில் மட்டும் வேகமாக வளரும். அந்தத் திசை சாய்ந்திருந்தால் பக்கத்துப் படிகத்தில் முட்டி நின்றுவிடும். நேரே உள்நோக்கி இருந்தால் தடையில்லை. சில மைக்ரான் ஆழத்துக்குள் சாய்ந்தவை அடைபட்டு, நேரானவை மட்டும் மிஞ்சும். இரு முகங்களிலிருந்தும் வந்தவை நடுவில் சந்தித்தால் தையல் போல ஒரு கோடு தெரியும். துண்டு அங்கேதான் எளிதில் பிளக்கும்.

இதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. பேரியம், டைட்டேனியம், சிலிக்கா சேர்ந்த கண்ணாடியில் ஃப்ரெஸ்னாய்ட் படிகத்தை மேற்பரப்பில் வரிசையாக வளர்த்தால், மின்புலம் கொடுத்துத் திருப்பாமலே அழுத்தமின் பொருள் (அழுத்தினால் மின்சாரம் தருவது) கிடைக்கிறது. படிகங்கள் வரிசையாக நிற்பதை எக்ஸ்-கதிர் படத்தில் பார்க்கலாம்: துண்டைப் பொடியாக்கினால் படிகத்துக்குரிய எல்லாக் கோடுகளும் வரும். பொடியாக்காமல் மேற்பரப்பை வைத்தால் ஓரிரு கோடுகள் மட்டும் ஓங்கி நிற்கும்.

கேள்வி: பல் மருத்துவர் வைக்கும் பீங்கான் தொப்பியும் படிகமான கண்ணாடிதானாமே, அது ஏன் இப்படி வெளுத்துச் சொரசொரப்பதில்லை?

பதில்: லித்தியம் டைசிலிகேட் வகையில் படிகம் உள்ளிருந்தே முளைக்கும். அதற்காகவே பாஸ்பரஸ் பென்டாக்சைடு கொஞ்சம் சேர்க்கிறார்கள். கோடிக்கணக்கான நுண்படிகங்கள் ஒரே நேரத்தில் கிளம்புவதால் எதுவும் பெரிதாக வளர இடமிருக்காது, அதனால் மேற்பரப்பு அப்படி வெளுத்துச் சொரசொரப்பதில்லை.