அதிகாரிப் பயிற்சிக்குப் போகுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ராணுவ அதிகாரிக்கான அடிப்படைப் பயிற்சிக்குத் தேர்வாகி, சேரும் நாளுக்காகக் காத்திருக்கும் வாசகர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கடிதங்களுக்கு, பயிற்றுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: பயிற்சியில் சேர இன்னும் பத்து வாரங்கள் இருக்கின்றன. என்னால் இப்போது நிற்காமல் 3 கிலோமீட்டர் ஓட முடிகிறது. தினமும் 10 கிலோமீட்டர் ஓடிப் பழகினால்தான் அங்கே தாக்குப்பிடிக்க முடியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

வேண்டாம். பத்து வாரம் என்பது நல்ல அவகாசம். அதை இப்படி வீணாக்கிவிடாதீர்கள். புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும், தசைகளும் ஓரளவு விரைவாக ஈடுகொடுக்கும். எலும்பு மட்டும் அந்த வேகத்தில் மாறாது. வழக்கமில்லாத பாரம் தொடர்ந்து விழும்போது எலும்பு முதலில் தன் பழைய திசுவைக் கரைத்து அகற்றிவிட்டுத்தான் அந்த இடத்தில் புதியதைக் கட்டத் தொடங்குகிறது. கரைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும், கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஆகவே உடம்பு முன்னைவிடத் தெம்பாக இருப்பதாக நீங்கள் உணரும் அதே நாட்களில், உள்ளே எலும்பு முன்னைவிடச் சற்று நலிந்திருக்கிறது.

அமெரிக்கத் தரைப்படையில் காலாட்படைப் பயிற்சி பெற்ற இரண்டு பிரிவுகளை ஒப்பிட்டு 1990-களில் வெளியான ஆய்வு ஒன்றை நான் என் கேடட்டுகளுக்கு, அதாவது அதிகாரிப் பயிற்சி மாணவர்களுக்கு, எப்போதும் எடுத்துச் சொல்வேன். பன்னிரண்டு வாரங்களில் ஒரு பிரிவு 130 மைல் ஓடியது, மற்றது 56 மைல் மட்டுமே ஓடியது. முடிவில் ஓட்டத் தேர்வில் இரு பிரிவினரின் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதிகம் ஓடிய பிரிவில் காயம்பட்டோர்தான் அதிகம்.

வாரத்தில் மூன்று நாள் ஓடுங்கள். அதில் இரண்டு நாள் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். மூன்றாவது நாள் 400 மீட்டர் வேகமாக ஓடி, மூச்சு ஆறும்வரை நடந்து, அதையே ஆறேழு முறை செய்யலாம். நான்காவதாக ஒரு நாளைச் சுமை நடைக்கு ஒதுக்குங்கள்: முதுகுப்பையில் 5 கிலோவில் தொடங்கி, எடையையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டாமல், சுமையோடு ஒருபோதும் ஓடாமல் நடக்க வேண்டும். இடையே தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது ஆகியவற்றைச் செய்யுங்கள். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். சேருவதற்கு முந்தைய வாரம் நடையும் தூக்கமும் மட்டும் போதும். ஓய்ந்த காலோடு வருபவரே முதல் மாதத்தைக் கடக்கிறார். அந்தக் கடைசி வாரத்தில் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும் ஆசைக்கு இடம் கொடுத்து, நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்த பலரை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பாதத்தின் வளைவுக்கு ஏற்ற விலையுயர்ந்த காலணி வாங்க வேண்டுமா? பூட்ஸ் கடிக்காமல் இருக்க என்ன வழி?

பாதத்தின் வடிவத்தை அளந்து அதற்கேற்ற ஓட்டக் காலணி கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்படை ஆகிய மூன்றிலும் புதியவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. போட்டு நடந்தால் உறுத்தாத, தேய்ந்துபோகாத காலணியே சரியான காலணி.

பூட்ஸ் விஷயம் வேறு. உங்கள் படை எந்த வகையை அனுமதிக்கிறது என்று சேர்க்கைக் கடிதத்தில் பார்த்துவிட்டு, அதே வகையில் ஒன்றை இப்போதே வாங்கி, வீட்டுக்குள் அரை மணி நேரம், பிறகு தெருவில் ஒரு மணி நேரம், பிறகு சுமையோடு என்று படிப்படியாகப் பழக்குங்கள். உராய்வும் ஈரமும் சேர்ந்தே கொப்புளத்தை உண்டாக்குகின்றன என்பதால் மாற்றுக் காலுறை எப்போதும் பையில் இருக்க வேண்டும். தோல் சூடாகிச் சிவக்கத் தொடங்கும்போதே நின்று அந்த இடத்தில் மருத்துவ ஒட்டுநாடா ஒட்டுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். ஒட்டாமல் விட்டால் அந்தக் கால் மூன்று நாளைக்கு உதவாது.

கேள்வி: ஓடும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலிக்கிறது. வெளியே சொன்னால் தகுதியில்லை என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன்.

இன்றோடு மாத்திரையையும் ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பயம் எனக்குப் புரிகிறது; நான் கேடட்டாக இருந்தபோது எனக்கும் இருந்தது. ஆனால் இந்த வலியில் இரண்டு வகை உண்டு என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவி, ஓய்வெடுத்தால் தணிகிற வலி பெரும்பாலும் தசையும் எலும்புறையும் சார்ந்தது. ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடியதாக, ஓடாதபோதும் இரவிலும் தொடர்கிற வலி எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாக இருக்கலாம். 1855-இல் பிரைத்தௌப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுநடை சென்ற வீரர்களின் பாதங்கள் காரணம் தெரியாமல் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது பாத எலும்பின் முறிவு என்று தெரிந்தது. அந்த வீரர்கள் எங்கும் விழவில்லை, எதிலும் மோதவில்லை. நடந்து நடந்தே எலும்பு உடைந்திருந்தது.

இப்போதே கண்டுபிடித்தால் சில வார ஓய்வோடு போய்விடும், தேவையானால் சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். மறைத்தால் பயிற்சியின் நடுவில் முழுதாக முறியக்கூடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இடுப்பு மடிப்பில் வலித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, ஏனெனில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் அறுவைச் சிகிச்சை வரை போகும்.

கேள்வி: நாட்டைக் காக்கப் போகிறவர்களுக்குச் சட்டை இஸ்திரி போடவும் படுக்கை விரிப்பை மூலை மடிக்கவும் இவ்வளவு நேரம் செலவழித்துக் கற்றுக்கொடுப்பது ஏன்?

பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரிக்கு வரும் புதிய கேடட்டுகள் முதல் நாளன்று கையில் இஸ்திரிப் பலகையோடு வந்து இறங்குவது பிரசித்தமான காட்சி. அதில் பொருள் இருக்கிறது. நேரம் போதாத நிலையில், பிறர் வைத்த அளவுகோலுக்கு ஏற்ப, யாரும் பார்க்காத மூலையையும் சரியாகச் செய்யும் பழக்கத்தை எதிலிருந்தாவது தொடங்க வேண்டும். துப்பாக்கியைச் சுத்தம் செய்வதில் தொடங்குவதைவிடச் சட்டையில் தொடங்குவது பாதுகாப்பானது.

உங்களுக்கு இதில் நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. இஸ்திரி போடுவது, பூட்ஸ் மெருகேற்றுவது, பொத்தான் தைப்பது, வரைபடத்தைத் திசைகாட்டியோடு பொருத்துவது, இருட்டில் கைவிளக்கில்லாமல் பையில் வேண்டியதை எடுப்பது ஆகியவற்றை வீட்டிலேயே கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிவிட்டு வாருங்கள். அங்கே எல்லோருக்கும் கிடைக்கும் நேரம் ஒன்றுதான். தன் சட்டையோடு நள்ளிரவு வரை மல்லுக்கட்டுகிறவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் முகம் வாடியிருப்பது கண்ணில் படாது. வேலையைச் சீக்கிரம் முடித்தவர் எழுந்துபோய் உதவுவார். பயிற்றுநர்கள் கவனித்துக் குறித்துக்கொள்வது அந்த உதவியைத்தான்.

கேள்வி: எனக்கு இயல்பிலேயே மெல்லிய குரல். கூட்டத்தில் பேசவும் கூச்சம். எழுத்துத் தேர்விலும் உடல் தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்றும், மற்றவர்களுக்குத் தலைமை தாங்க முடியுமா என்ற சந்தேகம் என்னைத் தூங்கவிடவில்லை.

வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். முதலில் குரலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது எளிது. கவாத்துக் கட்டளையில் இரண்டு பகுதிகள் உண்டு: என்ன வரப்போகிறது என்று உணர்த்தும் எச்சரிக்கைச் சொல் ஒன்று, செய் என்று தூண்டும் செயற்சொல் மற்றொன்று. முதலாவதை நீட்டி, சிறிது இடைவெளி விட்டு, இரண்டாவதை வெட்டினாற்போலச் சொல்ல வேண்டும். தொண்டையிலிருந்து கத்தாமல், வயிற்றை நிரப்பி இழுத்த மூச்சிலிருந்து சொன்னால் மெல்லிய குரலும் மைதானத்தின் மறுகோடிக்குப் போகும். தினமும் பத்து நிமிடம் திறந்தவெளியில் பழகினால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

தலைமை என்பது இதுவல்ல. பயிற்சியில் எட்டுப் பேர் கொண்ட குழுவை உங்களிடம் ஒப்படைத்து, சில பலகைகளையும் பீப்பாய்களையும் கயிற்றையும் கொடுத்து, தரையைத் தொடாமல் ஓர் இடைவெளியைக் கடக்கச் சொல்வார்கள். பின்னர் அதே குழுவை இரவில், மழையில், பசியோடு நடத்திச் செல்லச் சொல்வார்கள். ஓட்டத்தில் எப்போதும் முதலாக வரும் கேடட் ஒருவர் என்னிடம் இருந்தார். இரவு நடை ஒன்றில் வழி தவறாமல், குறித்த நேரத்துக்கு முன்பாகவே இலக்கை அடைந்தார். வந்து சேர்ந்த பிறகுதான் தன் குழுவில் ஒருவர் குறைவதை அறிந்தார். அதே பயிற்சியில் சராசரி ஓட்டக்காரரான இன்னொரு கேடட் ஒவ்வொரு முறை நின்றபோதும் தலைகளை எண்ணினார், யாருடைய நடையோசை மாறியிருக்கிறது என்று கேட்டறிந்து காலைக் காட்டச் சொன்னார், பத்து நிமிடம் தாமதமாக எட்டுப் பேரோடு வந்தார். அவர் பேசியது மிகக் குறைவு. அவருக்குக் கீழே என் மகனை அனுப்ப நான் தயங்கியிருக்க மாட்டேன்.

ஆகவே நீங்கள் பழக வேண்டியது, களைத்திருக்கும்போதும் பிறரைக் கவனிப்பதற்கு மனத்தில் கொஞ்சம் இடம் மீதி வைத்திருப்பதை. உடற்பயிற்சியும் இஸ்திரியும்கூட அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுப்பதற்காகவே. அடுத்து, கட்டளையை ஒழுங்காகச் சொல்லப் பழகுங்கள். பல நாட்டுப் படைகளில் அது ஐந்து பகுதிகளாகச் சொல்லப்படுகிறது: நிலைமை என்ன, நம் பணி என்ன, அதை எப்படிச் செய்யப் போகிறோம், உணவும் தண்ணீரும் மருத்துவமும் எங்கிருந்து வரும், தலைவர் எங்கே இருப்பார் என்பதும் அவரோடு எப்படித் தொடர்பு கொள்வது என்பதும். நான்கு நண்பர்களோடு ஒரு நாள் மலை நடைக்கு ஏற்பாடு செய்து, இந்த வரிசையில் மூன்று நிமிடத்தில் விளக்கி, அவர்களில் ஒருவரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தவறாகச் சொன்னால் நீங்கள் விளக்கியது போதவில்லை என்று கொள்ளுங்கள். இருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலைவர் தன் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது, மற்ற இரண்டு பங்கும் கீழே உள்ளவர்களின் ஆயத்தத்துக்கு உரியது என்பது பழைய ராணுவ விதி. கூச்சமுள்ளவர்கள் இதை எளிதில் கடைப்பிடிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கேள்வி: பயிற்றுநர்கள் கத்துவதையும் தூங்கவிடாமல் வேலை வாங்குவதையும் தாங்கிக்கொள்ள இப்போதே குறைவாகத் தூங்கிப் பழகலாமா?

தூக்கமின்மைக்கு உடல் பழகாது. பழகிவிட்டதாக நினைக்க மட்டுமே செய்யும். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவில் 10 மணி நேரம் படுக்கையில் கழித்தவர்கள், வழக்கம்போலத் தூங்கியவர்களைவிட, அடுத்து வந்த தூக்கக் குறைவைக் கூடுதல் விழிப்போடு சமாளித்தார்கள். ஆகவே சேருமுன் நன்றாகத் தூங்குங்கள்.

கத்தலைப் பொறுத்தவரை, அதில் உங்களைப் பற்றிய கருத்தை விட்டுவிட்டு, செய்ய வேண்டியது என்ன என்ற செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியிலும் செவி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம். ஆனால் அடிப்பதும், பாலியல் சீண்டலும், பணம் பறிப்பதும், காயத்தோடு ஓடச் சொல்வதும் பயிற்சி ஆகா. அவற்றைப் பொறுத்துக்கொள்வது உறுதியின் அடையாளம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேலதிகாரியிடமோ மருத்துவ அதிகாரியிடமோ உடனே சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் அடுத்த மாதம் பயிற்சிக்குப் போகிறாள். முதல் சில வாரங்கள் தொலைபேசி கிடையாதாம். தாயாக நான் அவளுக்கு என்ன செய்து அனுப்ப வேண்டும்?

அம்மா, போகுமுன் அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் போதுமான அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பு சொன்ன எலும்பு விரிசல் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் ஏற்படுகிறது. அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் பெற்றவர்களிடம் அது சுமார் 20 சதவீதம் குறைந்தது. எதையும் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். உடல் இளைக்க வேண்டும் என்று அவள் உணவைக் குறைத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். மாதவிடாய் தொடர்ந்து தவறினால், செலவாகும் அளவுக்கு உடம்புக்கு உணவு போதவில்லை என்பது பெரும்பாலும் அதன் பொருள், அதை மருத்துவ அதிகாரியிடம் சொல்லக் கூச்சப்படக் கூடாது என்றும் சொல்லி அனுப்புங்கள்.

பிறகு, கடிதம் எழுதுங்கள். வீட்டில் நடந்த சிறு விஷயங்களை எழுதுங்கள். உன்னை நினைத்து அழுகிறேன் என்று மட்டும் முதல் மாதத்தில் எழுத வேண்டாம். அவள் முதல் முறை தொலைபேசியில் பேசும்போது வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லக்கூடும். மூன்றாவது வாரத்தில் ஏறக்குறைய எல்லோரும் அப்படிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். வா என்றோ வராதே என்றோ உடனே சொல்லாமல், சாப்பிட்டாயா, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி பேசலாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: வெயிலில் பயிற்சி செய்யும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

தாகத்துக்கும் வியர்வைக்கும் தக்கபடி, அவ்வப்போது சிறிது சிறிதாக. அளவு மீறுவதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே கேடு வரலாம். அமெரிக்கத் தரைப்படை மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. வெயிலில் ஒருவர் உளறினாலோ தடுமாறினாலோ காத்திருக்காமல் நிழலில் கிடத்தி, உடனே உடலைக் குளிர்வித்து, மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: என் அண்ணனைப் பயிற்சியின் நடுவில் அடுத்த பிரிவோடு சேர்ந்து மீண்டும் செய்யச் சொல்லிவிட்டார்கள். அவமானத்தால் விலகிவிடலாமா என்று நினைக்கிறான்.

அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். காயத்தாலோ ஏதேனும் ஒரு பாடத்தில் பின்தங்கியதாலோ இப்படி அடுத்த பிரிவுக்கு மாற்றப்படுவது பல நாட்டுப் பயிற்சி நிலையங்களிலும் உள்ள வழக்கம். தகுதியில்லை என்று முடிவு செய்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அவரை இன்னும் வேண்டும் என்றே பொருள். எந்தெந்தக் குறைகளுக்காக மாற்றினார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அவற்றை மட்டும் சரிசெய்ய அவர் முனையட்டும். புதிய பிரிவில் யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்: அடுத்த வாரம் என்ன வரும், எந்த இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள் என்பது. முதல் நாள் இரவே பக்கத்துக் கட்டிலில் இருக்கும் புதியவருக்குப் பையை அடுக்கக் கற்றுக்கொடுத்து அதைத் தொடங்கலாம்.