இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். சர்க்கரை நோயாக இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடும், அதை முதலில் முடித்துவிடுங்கள். ரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் அது சிறுநீரில் இறங்கும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அப்போது பகலிலும் அடிக்கடி போவீர்கள், தாகமும் எடுக்கும்.

என் அப்பாவுக்கு 67 வயதில் இதே தொல்லை வந்தது. சர்க்கரை இல்லை. சரி, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கம்தான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: "ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது?" அதை யாருமே கவனித்ததில்லை. மூன்று நாள் அளவுக் குவளையில் பிடித்து, நேரத்தோடு நோட்டில் எழுதினோம்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் 100 மில்லி அளவில்தான் போகிறது என்றால், சிறுநீர்ப்பையால் பிடித்து வைக்க முடியவில்லை. புராஸ்டேட், சிறுநீர்த் தொற்று, தூக்கம் கலைந்ததால் எழுந்து போகும் பழக்கம் எல்லாம் இந்தப் பக்கம். 300, 400 என்று போனால் பை நன்றாகத்தான் இருக்கிறது, ராத்திரியில் சிறுநீர் அதிகமாக ஊறுகிறது. வயதாக ஆக, இரவில் சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரசின் ஹார்மோன் குறைவதும் இதற்கு ஒரு காரணம்.

அப்பா இந்த இரண்டாவது வகை. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். பகலெல்லாம் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. இதயம், சிறுநீரகம் இரண்டையும் சோதித்துவிட்டு, அவர் சாப்பிட்டுவந்த அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரைதான் வீக்கத்துக்குக் காரணம் என்று மருத்துவர் அதை மாற்றிக் கொடுத்தார். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்துப் படுக்கவும் சொன்னார். ஐந்து முறை எழுந்தவர் சில வாரங்களில் இரண்டு முறைக்கு வந்தார்.

பலமாகக் குறட்டை விடுவீர்களா? தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டாலும் இதயத்திலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைக் கூட்டிவிடும். இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், முட்டிக்கொண்டு வந்தும் போக முடியாமை, இவற்றில் எது வந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன விளக்கு இன்றைக்கே போடுங்கள். அப்பா ஒரு முறை இருட்டில் தடுக்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு அது தோன்றியது.