கழுவிய கை

அன்புள்ள ஐயா,
காட்டில் பன்றி விரட்டும்போது நாட்டுத்துப்பாக்கி வெடித்து எங்கள் ஊர்க்காரர் இறந்துவிட்டார். கீழே கிடந்த துப்பாக்கியைச் சித்தப்பா எடுத்து ஓரமாக வைத்தார். அது குற்றமா? கூட இருந்த நாலு பேரையும், கஞ்சி கொண்டுபோன பெரியம்மாவையும் விடிய விடிய ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள்.
– வாசகர், உசிலம்பட்டி

தம்பி,
பதற்றத்தில் எடுத்திருப்பார். எங்கே கிடந்தது, எங்கே வைத்தார் என்பதை மறைக்காமல் சொல்லட்டும்.

என்னை உறுத்துவது அந்த ராத்திரிதான். சுட்டவர் கையில் ஒட்டும் வெடிமருந்துத் துகள் 4, 5 மணி நேரத்துக்கு மேல் நிற்பது அரிது. வேட்டியில் துடைத்தால் போச்சு, சோற்றுக்குக் கை கழுவினால் போச்சு. அதனால் சம்பவ இடத்திலேயே 5 சதவீத நைட்ரிக் அமிலத்தில் நனைத்த பஞ்சால் ஒவ்வொருவருக்கும் இரு கையும், உள்ளங்கை தனி, புறங்கை தனியாகத் துடைத்தெடுக்க வேண்டும். ஒப்பிட, யார் கையும் படாத பஞ்சு ஒன்று. துப்பாக்கியைத் தொட்ட காவலர் இதைச் செய்யக் கூடாது. அப்புறம் தாராளமாகத் தண்ணீர் கொடுக்கலாம். இறந்தவர் கைக்குக் காகிதப் பை கட்ட வேண்டும். பிளாஸ்டிக் என்றால் உள்ளே நீர் கோத்துத் துகள் கரையும்.

நாலு பேரையும் ஒரே ஜீப்பில், ஒரே பெஞ்சில் நெருக்கினால் ஒருவர் கைத்துகள் அடுத்தவர் கைக்குப் போகும். பேச்சும் அப்படித்தான், விடிவதற்குள் ஒருவர் கண்டது நாலு பேரும் கண்டதாகிவிடும். தனித்தனியே உட்கார வைக்க நாலு புளியமரம் போதுமே!

நாட்டுத்துப்பாக்கியில் தோட்டாக்கூடு விழாது. கரிமருந்து, தேங்காய் நார், பால்ரஸ் குண்டு என்று குழல்வாய் வழியே இடிப்பார்கள். சுட்டதும் அந்த நார் கருகிய கட்டியாக, சுட்டவர் நின்ற இடத்துக்குச் சற்று முன்னால் புல்லில் விழும். கூட்டம் அதை மிதித்துவிட்டால் எங்கிருந்து சுட்டது என்று காட்ட என்ன இருக்கிறது?

பெரியம்மா விஷயத்தில் உங்கள் மேல்தான் கோபம். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும், அவர்களே விரும்பி வந்தாலொழிய, வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 160, 2024 ஜூலை முதல் அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவு 179. படித்த பிள்ளை, ஸ்டேஷன் வாசலில் நின்று இதைக் கேட்டிருக்க வேண்டாமா?

இன்னொன்று. பிண விசாரணை அறிக்கையில் பஞ்சாயத்தார், அதாவது உடலைப் பார்வையிட போலீஸ் கூப்பிடும் ஊர்க்காரர்கள், கையெழுத்து போடுவார்கள். ஆனால் போலீசிடம் சொல்லும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கவே கூடாது, அதே புதிய சட்டத்தின் பிரிவு 181. பெரியம்மாவிடம் பக்குவமாகக் கேளுங்கள்: எதிலாவது கைநாட்டு வைத்தாரா, எத்தனை தாள், எழுதிய தாளா வெறும் தாளா? பாவம், பயந்திருப்பார். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி, எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.