அக்கி ஆறியது, எரிச்சல் ஆறவில்லை

கேள்வி: எனக்கு வயது 61. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடது விலாவில் அக்கி வந்தது. முதல் வாரம் குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டேன். காவியைக் குழைத்துப் பூசும்போது மட்டும் ஜில்லென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம். கொப்புளமெல்லாம் காய்ந்து வடுவாகிவிட்டது. எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை. புடவை உரசினாலே மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்கிறது. நரம்பு மாத்திரையில் பாதி குறைந்திருக்கிறது, ஆனால் பகலெல்லாம் தூக்கம். பெங்களூரில் இருக்கும் மகள் "ஹிப்னாஸிஸ் செய்துபாரும்மா" என்கிறாள். என் வீட்டுக்காரர் "மேடையில் ஏற்றிக் கோழி மாதிரி கத்தவிடுவானே, அதுவா?" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்குச் சரியென்றால், இத்தனை நாள் பட்ட வலி வெறும் மனப்பிரமை என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது.

சின்ன வயதில் சின்னம்மை வந்து போனாலும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல வருஷம் பதுங்கிக் கிடக்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. அக்கி உடம்பின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுவது அதனால்தான். வந்த வழியில் நரம்பையும் சிதைத்துவிடுகிறது. சிதைந்த நரம்பு, புடவை பட்டதைக்கூட நெருப்பு பட்டதாக மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதில் பிரமை எங்கே இருக்கிறது?

ஆனால் நரம்பு கொண்டுவரும் சேதியை மூளை ஒரே இடத்தில் வாங்கி வைப்பதில்லை. எங்கே, எவ்வளவு என்று அளப்பது ஒரு பகுதி. "ஐயோ, தாங்க முடியவில்லையே" என்று தவிப்பது இன்னொரு பகுதி. 1997-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் பியர் ரெயின்வில் என்பவரும் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஹிப்னாஸிஸில் இருப்பவர்களின் கையை 47 டிகிரி வெந்நீரில் வைத்து, அந்தச் சூடு குறைவாகத் தொந்தரவு செய்வதாக ஒருமுறையும், அதிகமாகத் தொந்தரவு செய்வதாக இன்னொரு முறையும் சொன்னார்கள். தண்ணீர் அதே தண்ணீர்தான். மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது அளக்கும் பகுதி பெரிதாக மாறவில்லை. தவிக்கும் பகுதியின் வேலை மட்டும் சொல்லுக்குத் தகுந்தபடி கூடியும் குறைந்தும் இருந்தது. ஹிப்னாஸிஸ் பிடித்துக்கொள்வது முக்கியமாக இந்த இரண்டாவது முனையைத்தான். வலி இருப்பதாக ஏற்றுக்கொண்டுதான் அது வேலையையே தொடங்குகிறது.

உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பதில் பாதி நியாயம் உண்டு. மேடைக்காரர்கள் கூட்டத்தில் சட்டென்று இணங்குகிறவர்களைப் பொறுக்கி எடுத்து மேலே ஏற்றுவார்கள். ஏறினவருக்கும் நாலு பேர் முன்னால் ஒத்துழைக்காமல் இருக்கக் கூச்சம். மருத்துவ அறையில் இது எதுவும் கிடையாது. நீங்கள் மயங்க மாட்டீர்கள், தூங்கவும் மாட்டீர்கள். தமிழில் இதற்கு அறிதுயில் என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சாரங்கபாணி கோயிலில் பெருமாள் படுத்த கோலத்தில்தான் இருக்கிறார், ஆனால் திருமழிசை ஆழ்வார் கூப்பிட்டதும் பேசுவதற்காகப் பாதி எழுந்தார் என்பார்கள். கிட்டத்தட்ட அந்த நிலைதான். வெளியே மணிச் சத்தம் காதில் விழும், மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம், பிடிக்கவில்லையென்றால் எழுந்து வந்துவிடலாம். கவனம் மட்டும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும்.

யாரோ ஒருவரின் சக்திக்குக் கட்டுப்படுவது என்ற பயம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தன் உடம்பிலிருந்து காந்தசக்தி பாய்கிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர் மெஸ்மர் சொன்னதில் கிளம்பிய கதை அது. 1813-ல் பாரிஸில் ஒரு பாதிரியார் அதை மறுத்தார்: என்னிடம் ஒரு சக்தியும் இல்லை, எல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனத்துக்குள்ளேயே நடக்கிறது என்றார். அவர் நம் கோவாவில் 1756-ல் பிறந்த அபே ஃபாரியா. பனாஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஒரு பெண்ணின் மேல் இரண்டு கையையும் விரித்துச் சக்தியை இறக்குகிற மாதிரியே வடித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, போனால் என்ன நடக்கும்? முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். எப்போது எரிகிறது, எப்போது மறந்துபோகிறது, உங்களுக்கு எது பிடிக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். அடுத்த முறைகளில் மூச்சைக் கவனிக்கச் சொல்லி, உடம்பைத் தளர்த்தி, ஒரு காட்சிக்குள் அழைத்துப்போவார்கள். இங்கேதான் நல்லவர் யார், சுமாரானவர் யார் என்று தெரிந்துவிடும். "உங்களுக்கு வலி இல்லை, இல்லை" என்று ஓதுபவரால் பயன் குறைவு; இருக்கும் வலியை இல்லை என்றால் மனம் எதிர்த்துக்கொண்டு நிற்கும். எரிச்சல் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தூரத்தில் கேட்கட்டும், விலா முழுக்கப் பரவியது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கட்டும் என்ற ரீதியில் போவார் தெரிந்தவர். கடன் வாங்கிய பனிமலைக் காட்சி உங்களுக்கு எதற்கு? காவி பூசும்போது ஜில்லென்று இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஈரக் காவி தோலில் படுவதும் மெல்ல உலர்வதும் உங்கள் உடம்புக்கே தெரிந்த சமாதானம். குளிர்ச்சியே எரிச்சலைக் கிளப்பிவிடும் ஆட்களும் உண்டு. நீங்கள் அப்படியில்லை என்றுதான் இதிலிருந்து தோன்றுகிறது.

அக்கி எழுதியதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற வாசகர்களுக்கு மட்டும் ஒன்று: அக்கிக்கான கிருமி மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. எழுதிக்கொள்வதாக இருந்தாலும் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். கண்ணோரம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

ஹிப்னாஸிஸில் பெரும்பங்கு வீட்டில்தான். சிகிச்சை தருபவர் பேசியதைப் போனில் பதிவு செய்துகொண்டு, தினமும் கால் மணி நேரம் நீங்களே பழக வேண்டும். ஐந்தாறு தடவை போவதற்குள் கை வந்துவிட வேண்டும். அதன்பின் அவர் தேவையில்லை. பத்துக்கு ஏழாக இருந்த எரிச்சல் ஐந்தானால் நல்ல பலன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண் குறையாமல், தூக்கம் கூடி, சிடுசிடுப்பு குறைந்தாலும் பலன்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி பிடிபடாது. சிலர் சட்டென்று ஆழ்ந்துபோவார்கள், சிலருக்கு எத்தனை முயன்றாலும் வராது, பெரும்பாலோர் நடுவில். வராவிட்டால் அது உங்கள் மனபலக் குறைவு இல்லை.

யாரிடம் போவது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். மனநல மருத்துவரோ, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள மருத்துவ உளவியலாளரோ இதில் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்று கேளுங்கள். வலி மருத்துவப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். இதைப் பதிவு பெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்று மத்திய அரசு 2003-லேயே உத்தரவிட்டிருக்கிறது. நடைமுறையில் வார இறுதி வகுப்பு முடித்துச் சான்றிதழை மாட்டிக்கொண்டவர்களும் போர்டு வைத்திருக்கிறார்கள். முற்பிறவிக்குப் போய் வலிக்குக் காரணம் பார்க்கலாம் என்பவர், முழுசாகக் குணமாக்கித் தருகிறேன் என்று மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பவர், மகள் கூட இருக்கக் கூடாது என்பவர், மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள் என்பவர் — இவர்களில் யாரைப் பார்த்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். முன்பு எப்போதாவது மனச்சிதைவு மாதிரி நோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தால், மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

நரம்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் உடம்பு முரண்டு பிடிக்கும். பகல் தூக்கத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், வேளையை மாற்றலாம், மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் ஒட்டியை அந்த இடத்தில் போட முடியுமா என்று பார்க்கலாம். அந்தத் தூக்கக் கலக்கத்தோடு ஈரமான குளியலறையில் வழுக்கி விழுவதுதான் எனக்கு இப்போதைக்குப் பெரிய கவலை. கைப்பிடி ஒன்று மாட்டச் சொல்லுங்கள்.

மாட்ட வேண்டிய உங்கள் வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். சின்ன வயதில் அவருக்கும் அம்மை வந்திருந்தால், அதே கிருமி அவர் முதுகுக்குள்ளும் படுத்துக் கிடக்கிறது. 50 வயது தாண்டியவர்களுக்கான அக்கித் தடுப்பூசி இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை. விலை கொஞ்சம் அதிகம்தான். கோழிக் கதையை ஒத்திவைத்துவிட்டு அதைப் பற்றி டாக்டரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.