பேச்சுத் தேர்வும் மனப்பாடமும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இது இலக்கியம் சார்ந்த கேள்வி அல்ல என்பதால் சற்றுத் தயக்கத்துடன் எழுதுகிறேன். மேற்படிப்புக்காக அண்மையில் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வு எழுதினேன். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் 9 வரை மதிப்பெண். கேட்டலில் 7.5, வாசித்தலில் 8, எழுதுதலில் 6.5 கிடைத்தன. பேசுதலில் மட்டும் 5.5. மொத்தத்தில் 7 என்று வந்தாலும், நான் சேர விரும்பும் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 6.5 கேட்கிறது.

பயிற்சி வகுப்பில் கொடுத்த மாதிரி விடைகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் சில கேள்விகளுக்குத் தடையில்லாமல் பதில் சொன்னேன். தேர்வாளர் நடுவில் குறுக்கிட்டு வேறு கேள்விக்குப் போனதும் பதற்றம் தொற்றிக்கொண்டது. பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடத்துக்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. மூன்றாம் பகுதியில், முதியவர்கள் புதிய தொழில்நுட்பத்தைப் பழகிக்கொள்ள ஏன் சிரமப்படுகிறார்கள் என்று கேட்டார். இரண்டு வரிக்கு மேல் எனக்கு வரவில்லை. உச்சரிப்புதான் காரணம் என்கிறார் நண்பர். மரபுத்தொடர்களை இன்னும் நிறையப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். மறுபடியும் தேர்வு எழுதுவதற்கு முன் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்ல முடியுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் மதிப்பெண்களே பாதி பதிலைச் சொல்லிவிடுகின்றன. வாசித்தலில் 8 வாங்கிய ஒருவருக்குச் சொல்வளம் போதாது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை. சொற்கள் உங்களிடம் இருக்கின்றன, பேச்சில் வேண்டிய கணத்தில் வாய்க்கு வருவதில்லை. கண்டவுடன் பொருள் புரிகிற சொல் வேறு, தேடாமலே நாவில் வந்து நிற்கிற சொல் வேறு. முன்னதை வாசிப்பு தரும்; பின்னது வாய்விட்டுப் பேசினால்தான் வரும். மாதிரி விடைகளை உருப்போட்ட நாட்களில் நீங்கள் பேசிப் பழகுவதாக நம்பியிருப்பீர்கள். அந்த நாட்களில் உங்களுக்குக் கிடைத்தது ஒப்பித்துப் பழக்கம் மட்டுமே.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்றாலும் மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர்கல்விக்காக எழுதுபவருக்கும் வேலை அல்லது குடியேற்றத்துக்காக எழுதுபவருக்கும் பேச்சுத் தேர்வு ஒன்றுதான். ஒரு தேர்வாளருடன் 11 முதல் 14 நிமிடங்கள் வரை நடக்கும் உரையாடல் அது. முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படும். முதல் நான்கைந்து நிமிடங்கள் அறிமுகக் கேள்விகளுக்கு உரியவை. பிறகு ஓர் அட்டையில் தலைப்பைத் தந்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். கடைசி நான்கைந்து நிமிடங்களில் அதே தலைப்பையொட்டிப் பொதுவான விவாதம் நடக்கும். சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும், உச்சரிப்பு ஆகிய நான்கு அளவுகோல்களுக்கும் சம மதிப்பு. நீங்கள் சொன்ன கருத்து சரியா, ஆழமானதா என்பதற்கு இந்த நான்கிலும் இடமில்லை.

இந்த அளவுகோல்களின் விளக்கக் குறிப்புகளைத் தேர்வை நடத்துபவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் தயக்கத்தைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 8, 9 வாங்குபவரும் பேச்சின் நடுவே தயங்குவார். ஆனால் அந்தத் தயக்கம் என்ன சொல்வது என்று யோசிப்பதால் வருவது. 5 வாங்குபவர் வாக்கியத்தின் பாதியில் நின்று, ஓரளவு எளிய சொல்லையும் இலக்கணத்தையும் தேடுவதால் தயங்குகிறார். இருவரும் ஒரே அளவு நேரம் மௌனமாக இருக்கலாம். எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதை வைத்தே தேர்வாளர் வேறுபடுத்துகிறார். ஆகவே நிறுத்தாமல் வேகமாகப் பேசுவதே சரளம் என்று எண்ணி மூச்சுவிடாமல் கொட்டுபவர்கள் பிழைகளைத்தான் பெருக்கிக்கொள்கிறார்கள்.

இதன் உள்ளிருக்கும் இயக்கத்தை 1989-இல் டச்சு உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் முன்வைத்த விளக்கத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். பேசுகிறவர் முதலில் சொல்ல வேண்டியதை முடிவு செய்கிறார், அடுத்து அதற்கான சொற்களையும் வாக்கிய அமைப்பையும் திரட்டுகிறார், கடைசியாக ஒலிக்கிறார். தாய்மொழியில் பின்னிரண்டு வேலைகளும் தாமாகவே நடப்பதால் கவனம் முழுவதும் முதல் வேலைக்குக் கிடைக்கிறது. பழகாத மொழியில் நடு வேலையே கவனத்தை விழுங்கிவிடுகிறது. தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். 'எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை நேற்று பார்த்தேன்' என்று மனத்தில் அமைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாற்ற முனைந்தால், கடைசியில் இருக்கும் 'பார்த்தேன்' எழுவாய்க்கு அடுத்தபடியாகவே வந்தாக வேண்டும். ஆசிரியருக்கு முன்னால் நிற்கும் அடைமொழித் தொடர் முழுவதும் அவருக்குப் பின்னால் போக வேண்டும். வாக்கியத்தை வால் வரை கட்டி முடித்துத் தலைகீழாகத் திருப்பிய பிறகே வாயைத் திறக்க முடியும். எழுதும்போது இதற்கு அவகாசம் இருப்பதால்தான் எழுத்தில் 6.5 வாங்கிவிட்டீர்கள்.

மாதிரி விடைகள் இந்த நடு வேலையைத் தேர்வறைக்கு வெளியிலேயே முடித்துவிடலாம் என்று ஆசை காட்டுகின்றன. ஆனால் கேள்வி சற்றே மாறினாலும் அவை உதவா. அது போக, உருப்போட்ட விடைகளை அடையாளம் காணத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. பயிற்சி இல்லாதவருக்குமே அது எளிது என்பது என் எண்ணம். வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குச் செய்தி வாசிப்பவரைப் போல முழு வாக்கியங்களில் பதில் சொன்ன ஒருவர், அடுத்த கேள்வியில் ஒவ்வொரு சொல்லையும் தேடித் தடவினால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? சிரமப்பட்டுக் கற்ற பகுதியே மற்ற பகுதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தேர்வாளர் குறுக்கிட்டதை உங்கள் பதில் மீதான அதிருப்தி என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. அதற்குள் பல கேள்விகளைக் கேட்க வேண்டிய பொறுப்பும் அவருக்கு இருப்பதால் பேச்சை வெட்டித்தான் ஆக வேண்டும். முதல் பகுதியில் அவர் அச்சிட்ட கேள்விகளை அப்படியே கேட்பவர் என்பதால் விரிவாக விளக்க மாட்டார். மறுபடி கேட்கச் சொன்னால் கேட்பார், அதற்காக மதிப்பெண் குறையாது. மூன்றாம் பகுதியில் அவருக்குச் சுதந்திரம் அதிகம். கேள்வியை வேறு விதமாகவும் கேட்க முடியும்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். ஏதாவது ஒரு தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு திக்கல், திரும்பச் சொன்னது, 'அது வந்து' என்று இழுத்தது உட்பட நீங்கள் பேசியதை அப்படியே தாளில் எழுதுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் எந்தப் பயிற்சியாளரும் சொல்ல முடியாததை அந்தத் தாள் சொல்லும். ஒவ்வொரு நிறுத்தத்தையும் எடுத்துக்கொண்டு, அங்கே கருத்தைத் தேடினீர்களா, சொல்லைத் தேடினீர்களா என்று குறியுங்கள். சொல்லைத் தேடிய இடங்களில் அநேகமாக அரிய சொல் எதுவும் இருக்காது. இறந்தகால வினை வடிவம், 'இன்', 'ஆன்' போன்ற முன்னிடைச்சொல், இரண்டு வாக்கியங்களை இணைக்கும் சொல் ஆகியவையே இருக்கும். அவற்றைச் சரிபார்த்துக்கொண்டு, தாளை மூடிவைத்துவிட்டு, அதே செய்தியை மறுபடி பேசுங்கள்.

இப்படித் திரும்பப் பேசுவதற்கு நன்கு அறியப்பட்ட முறை ஒன்று உண்டு. மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் பரவலாக்கியது, 4/3/2 என்பார்கள். ஒரே செய்தியை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடத்திலும், இன்னொருவரிடம் மூன்று நிமிடத்திலும், வேறொருவரிடம் இரண்டு நிமிடத்திலும் சொல்ல வேண்டும். சொல்லப்போவது என்னவென்று முன்பே தெரிந்திருப்பதால், லெவெல்ட் சொல்லும் முதல் வேலை இல்லாமல் போய், கவனம் முழுவதும் வாக்கியம் அமைப்பதற்குக் கிடைக்கிறது. மனப்பாடமும் திரும்பச் சொல்வதுதானே என்று நீங்கள் கேட்கலாம். மனப்பாடத்தில் வாக்கியங்கள் மாறுவதில்லை. இதில் செய்தி மட்டும் மாறாமல் இருக்க, வாக்கியங்களை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறீர்கள். கேட்க ஆள் கிடைக்காவிட்டால் சுவரைப் பார்த்தும் பேசலாம், வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் பகுதியில் சரக்கு தீர்ந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் பொதுமைதான். 'நீங்கள் ஒருவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்த அனுபவத்தை விவரியுங்கள்' என்று அட்டையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பிப்பது உயர்ந்த செயல், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று தொடங்கினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். யோசிக்கத் தரும் ஒரு நிமிடத்தில் வாக்கியங்கள் எழுதாதீர்கள். குறிப்புத்தாளுக்கு மதிப்பெண் கிடையாது, எந்த மொழியில் வருகிறதோ அதில் நான்கைந்து சொற்களைக் குறித்துக்கொண்டால் போதும். மாமா, வீடியோ அழைப்பு, கேமரா விரலால் மூடியிருந்தது, என் எரிச்சல், அவரே அழைத்தது. இந்த ஐந்தும் ஐந்து காட்சிகள். மாமாவின் முகம் தெரியாமல் இருட்டாக ஒரு திரை, இருபுறமும் 'தெரியவில்லை, தெரியவில்லை' என்ற கூச்சல், விரல்தான் மறைக்கிறது என்று உங்களுக்குப் புரிந்த கணம் ஆகியவற்றைச் சொல்லத் தொடங்கினால் நிமிடங்கள் போவதே தெரியாது. நடந்ததைச் சொல்ல இறந்தகாலம் வந்துவிடும். இன்று அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதற்கு நிகழ்காலம். நான் பொறுமையாக இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு வரி சேர்த்தால் நிபந்தனை வாக்கியமும் வந்துவிடும். இலக்கண வீச்சு என்று தனியாக எதையும் திணிக்க வேண்டிய தேவையே எழாது.

மூன்றாம் பகுதியைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கலாம். முதியவர்களையும் தொழில்நுட்பத்தையும் பற்றிய அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தால் உங்களால் ஒரு நிமிடம் பேசியிருக்க முடியுமா? பலரால் முடியாது. வயதானால் நினைவாற்றல் குறையும் என்று ஒரு வரி சொல்லி நிறுத்திவிடுவார்கள். ஆங்கிலம் இல்லாததைவிட அபிப்பிராயம் இல்லாததுதான் இந்தப் பகுதியில் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது என்று நான் நினைக்கிறேன். சற்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் பழகிய வானொலியில் பொத்தான் வைத்த இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தது. கைபேசியில் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் பிறகு இடம் மாறுகிறது. வங்கிப் பணமும் அதே கருவிக்குள் இருப்பதால் தவறாகத் தொட்டுவிடுவோமோ என்ற அச்சம் வேறு. கற்றுத்தரும் இளையவர்கள் கருவியைப் பிடுங்கித் தாங்களே செய்து முடித்துவிடுகிறார்கள். வாழ்நாளெல்லாம் இயந்திரங்களோடு புழங்கிய முதியவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லாமலும் இருக்கலாம். இதில் ஏதேனும் இரண்டை எடுத்துக்கொண்டு ஒரு விலக்கையும் சேர்த்தால் நல்ல பதில். நாள்தோறும் ஒரு செய்தியைப் படித்து, ஏன் இப்படி, முன்பு எப்படி இருந்தது, இதற்கு மாறாக ஒருவர் என்ன சொல்வார் என்று கேட்டுப் பாருங்கள். இந்த யோசனையைத் தமிழில் செய்வதில் தவறே இல்லை. வாக்கியத்தைத் தமிழில் கட்டித் திருப்புவதுதான் தவிர்க்க வேண்டியது. கருத்து எந்த மொழியில் உதித்தாலும் கருத்துதான்.

உச்சரிப்பைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வது அநேகமாகச் சரியல்ல. தமிழ்ச் சாயல் இருப்பதற்காக மதிப்பெண் குறைவதில்லை, கேட்பவர் சிரமமின்றிப் புரிந்துகொள்கிறாரா என்பதே கேள்வி. நமக்கு வரும் இடர் பெரும்பாலும் அழுத்தத்தில்தான். தமிழில் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே விசையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி மற்றவை அடங்கும், அந்த இடம் சொல்லின் வடிவத்தோடு மாறவும் செய்யும். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை ஓங்குகிறது, ஃபொடாக்ரஃபி என்பதில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாவது. ஒரு நிமிட ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் குரலோடு சேர்ந்தே, அரை நொடி பின்தங்கி, அதே ஏற்ற இறக்கத்தில் சொல்லிப் பழகுவது பயன் தரும். வெளிநாட்டவரைப் போலப் பேச முயல வேண்டாம், இரண்டாம் நிமிடத்தில் அது கலைந்துவிடும்.

மரபுத்தொடர் அறிவுரையை மறந்துவிடுங்கள். விளக்கக் குறிப்புகள் மரபு வழக்குகளையும் குறிப்பிடுகின்றன என்றாலும் அவை இயல்பாக வர வேண்டும்; ஆங்கிலத்தில் இயல்பாகச் சேர்ந்து வரும் சொற்களைச் சேர்த்துப் பயன்படுத்துவதும் அக்குறிப்புகளில் உண்டு. மழை பெய்தது என்று சொல்ல நாயையும் பூனையையும் இழுத்து வருகிறவர் எந்தத் தேர்வாளரையும் மயக்கியதில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். கணினி வழியாகத் தேர்வு எழுதியிருந்தால், பல நாடுகளில் நான்கில் ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வாய்ப்பு இருக்கிறது; முதல் தேர்வு நடந்து 60 நாட்களுக்குள் அதை எழுதியாக வேண்டும். எல்லாக் கல்வி நிறுவனங்களும் அப்படிப்பட்ட மதிப்பெண் சான்றை ஏற்பதில்லை. ஆகவே நீங்கள் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்துக்கு முதலில் மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்