அவசரகாலச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போய் எங்கள் ஆட்களுக்கு எப்போதாவது ஏதாவது கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. எனக்கே கிடைத்தது, ஒரு நாள் பிந்தி.

பிரிவினைவாதி என்ற சந்தேகம் விழுந்த பிறகு இலங்கையில் கேஸ் போடுவது காசையும் காலத்தையும் கரைக்கிற வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இதை யாரும் சும்மா கேட்பதில்லை. வீட்டில் ஒருவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள், சொந்தக்காரர் எல்லாம் "கோர்ட்டுக்குப் போய் இன்னும் சிக்கலாக்காதே" என்று தடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் நல்லது.

2007 ஜூன் 7. அம்மாவுக்குக் கண்ணில் கற்றரக்ட் ஒப்பரேஷன் முடிந்து, கட்டோடு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தோம். முந்தைய வருசம் ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 பாதை மூடியாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வருவதற்கு ஆமியிடம் கிளியரன்ஸ் எடுத்து, கப்பல் பார்த்து, திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து கொழும்பு. வந்த அன்றே பொலிஸில் பதிந்து துண்டும் வாங்கிவிட்டோம். ஒழுங்காகப் பதிந்தவர்களுக்குப் பயமில்லை என்று லொட்ஜில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விடியப்புறம் கதவில் தட்டினார்கள். உடுப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கச் சொன்னார்கள். அம்மா கட்டிய கண்ணோடு கிளினிக் கொப்பியை நீட்டி, "தம்பி, நாளைக்கு டொக்டர் வரச்சொன்னவர்" என்றா. அந்தப் பொடியன் கொப்பியை வாங்கிப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான், "ஏறுங்க அம்மா" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அம்மாவின் கண் மருந்து கீழே மனேஜரின் பிரிட்ஜில் இருந்தது. அதை எடுக்க விடவில்லை.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை என்று லொட்ஜ் லொட்ஜாக அன்று ஏற்றிய சனம் 376 பேர். கொழும்பில் காரணமில்லாமல் தங்கியிருப்பவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்று பொலிஸ் விளக்கம் சொன்னது. எங்கள் பஸ் வவுனியாவுக்குப் போனது. எங்கள் ஊர் வவுனியாவுக்கு அப்பால், மூடிய பாதைக்கு அந்தப் பக்கம். வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி, வீட்டுக்குப் போகவே முடியாத இடத்தில் இறக்கிவிட்டார்கள். பின் சீற்றில் இருந்த ஒரு அக்கா தன் குடையை விரித்து யன்னல் பக்கம் பிடித்தபடியே வந்தா, அம்மாவின் கண்ணில் வெயில் படக்கூடாதென்று. அவவின் பெயரைக் கூட நான் கேட்டு வைக்கவில்லை.

அடுத்த நாள் வவுனியாவில் ஒருவரின் சின்ன ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டோம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற கொழும்பு அரசு சாரா அமைப்பு அடிப்படை உரிமை மனு போட்டு, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. தமிழரைக் கொழும்பிலிருந்து வெளியேற்றக் கூடாது, வந்து தங்குவதைத் தடுக்கவும் கூடாது. அந்த மனுவைப் போட்டவர்களை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கும் எங்களைத் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். திரும்ப பஸ் விட்டார்கள். நாங்களும் திரும்பி வந்தோம்.

அந்த நேரம் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. 2005 ஓகஸ்ட்டில் வெளிநாட்டு அமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டதோடு கொண்டுவந்து, மாதம் மாதம் பாராளுமன்றத்தில் நீடித்து, 2011 ஓகஸ்ட்டில்தான் விட்டார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் ஒரு காகிதம் அந்த பஸ்களை நிறுத்தியது. அதை வவுனியாவில் நின்று பார்த்தவன் நான்.

இதை எழுதினால் "நீதிமன்றத்துக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று சிலர் வருவார்கள். வாங்கவில்லை. சிங்கராசாவின் வழக்கு எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்கப்பட்டவர். பயங்கரவாதத் தடைச் சட்டப்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும். அது வற்புறுத்தி வாங்கியது என்று காட்டுகிற சுமை பிடிபட்டவரின் தலையில். 50 வருசத் தண்டனை, மேன்முறையீட்டில் 35. ஐ.நா. மனித உரிமைக் குழு அவர் பக்கம் சொன்ன பிறகும், 2006 இல் எங்கள் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இதையெல்லாம் மறந்துவிட்டு நான் பேசவில்லை.

ஆனால் அதே உயர் நீதிமன்றம் 2017 ஓகஸ்ட்டில் சொன்னதையும் மறைக்கக் கூடாது. 1983 கலவரம் முடிந்த கையோடு கொண்டுவந்த ஆறாம் திருத்தம், தனிநாட்டை ஆதரிக்கக் கூடாது என்கிறது. அதைக் காட்டி, தமிழரசுக் கட்சி பிரிவினைக் கட்சி என்று அறிவிக்கக் கேட்டு ஒருவர் வழக்குப் போட்டார். சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. சமஷ்டி என்று வாய் திறந்தாலே புலி என்று கூப்பிட்ட ஊரில் அது சின்ன விசயமில்லை. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க போட்ட அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமையை மீறியது என்று 2025 ஜூலையில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அதிலும் மனுக்காரரில் ஒருவர், 2007 இல் எங்களுக்காகப் போன அதே நிலையம்.

என் மனதில் கிடக்கிற புண் வேறு. திரும்பி வந்த பிறகு அம்மாவுக்காகத் தனியாக ஒரு மனுப் போட வேண்டும் என்று நினைத்தேன். மருந்து விடுபட்டது, டொக்டரைப் பார்க்கிற நாள் தப்பியது. அந்தக் கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. அந்த பஸ் பயணம்தான் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை, ஆகவே நானும் சொல்லமாட்டேன். ஆனால் கேட்கிற உரிமை எங்களுக்கு இருந்தது. மாமா "தேவையில்லாத வேலை, திரும்பவும் உன்னைத் தேடி வருவாங்கள்" என்றார். பயந்தேன். இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று இழுத்து, ஒருவழியாகச் சட்டத்தரணி ஒருவரிடம் போனபோது ஜூலை நடுப்பகுதி. அவர் கலண்டரைப் பார்த்தார். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். எனக்குத் தெரியாது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது என்பதும் தெரியாது. அம்மாவோ, கட்டிய கண்ணோடும் பொலிஸ் பதிவுத் துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்துப் பத்திரமாக வைத்திருந்தா. அவ தன் வேலையைச் செய்துவிட்டா.

இன்னொன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும். லொட்ஜுக்குக் கட்டிய முற்பணத்தை, நாங்கள் பஸ்ஸில் போன நாட்களுக்கும் வாடகை என்று கழித்துக்கொண்டார்கள். லொட்ஜ்காரரும் தமிழ் ஆள்தான். அந்த அறையை இடையில் வேறு ஆளுக்கும் கொடுத்திருந்தார். பிரிட்ஜில் இருந்த மருந்தையும் எறிந்துவிட்டார். பொலிஸ் செய்தது அவசரகாலச் சட்டத்தின் பெயரில். இது எந்தச் சட்டத்தின் பெயரில்?

உங்கள் விசயத்துக்கு வருகிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுப்புக் காவல் உத்தரவு மூன்று மூன்று மாதமாக நீடிக்கப்படும். 2022 திருத்தத்துக்குப் பிறகு உச்சம் 12 மாதம், முன்பு 18. அந்த உத்தரவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பிடித்த திகதி, நேரம், இடம், வந்த வாகனத்தின் இலக்கம், பார்த்துக்கொண்டு நின்றவர்களின் பெயர், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். விளங்காத மொழியில் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று உள்ளே இருப்பவருக்குச் சட்டத்தரணி மூலம் சொல்லி அனுப்புங்கள். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இருக்கிறது. முறைப்பாடு கொடுத்தால் இலக்கம் போட்ட துண்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எந்தத் திகதியில் பிடித்தார்கள்? அதிலிருந்து இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.